கல்விக் கட்டணம் இல்லை, முன்பணம் உண்டு: 17,500 ரூபாயில் நின்றுபோன ஓர் ஐஐடி சேர்க்கை

எதற்காக இந்த நிகழ்வு

2024 ஜூனில் ஒரு பட்டியலின மாணவருக்கு தன்பாத் ஐஐடி-யில் மின் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. விதிப்படி அவரிடம் கல்விக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட வாங்கப்போவதில்லை. ஆனாலும் பணம் கட்டவில்லை என்ற காரணத்தாலேயே அந்த இடம் பறிபோனது. மூன்று மாதம் கழித்து உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது.

ஏழை மாணவர்களுக்குக் கல்லூரிப் படிப்பு இலவசமாக இருக்க வேண்டுமா என்ற விவாதம் வரும்போதெல்லாம் பேச்சு கல்விக் கட்டணத்தையே சுற்றி வருகிறது. இலவசமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கட்டணத்தை ரத்து செய்த பிறகும் ஒரு பிள்ளை வாசலிலேயே நின்றுவிட முடியும். எவ்வளவு கேட்கிறார்கள் என்பதோடு, எப்போது கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் ஒருவர் உள்ளே போவதை முடிவு செய்கிறது. அது இந்த வழக்கில் படிப்படியாகத் தெரிகிறது என்பதால் இதை எடுத்துக்கொண்டேன். விவரங்கள் நீதிமன்ற விசாரணையிலும் அப்போதைய செய்திகளிலும் வெளியானவை. மாணவரின் பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை.

பின்னணி

மாணவரின் குடும்பம் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம். அப்பா தினக்கூலி. அவருடைய ஒரு நாள் வருமானம் 450 ரூபாய் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அண்ணன்மாரில் இருவர் ஏற்கெனவே ஐஐடி, என்ஐடி நிறுவனங்களில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே சேர்க்கை நடைமுறை தெரியாத வீடு என்று இதைச் சொல்லிவிட முடியாது. இணையத்தில் எப்படிப் பதிவு செய்வது, எந்தச் சான்றிதழை எங்கே ஏற்றுவது என்பதெல்லாம் அந்த வீட்டுக்குத் தெரியும். இல்லாமல் இருந்தது ரொக்கம் மட்டும்தான்.

ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை ஒருவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும். இந்த மாணவருக்கு 2024 இரண்டாவது முறை. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி. மே 26 அன்று தேர்வு, ஜூன் 9 அன்று முடிவு. பட்டியலினப் பிரிவில் அவர் பெற்ற தரவரிசை தன்பாத்தில் இடம் வாங்கித் தந்தது. இந்த இடம் போனால் ஐஐடி வாய்ப்பே போனது. மீண்டும் எழுத விதியில் இடமில்லை.

ஐஐடி கட்டணம் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2016-ல் பி.டெக் படிப்புக்கான ஆண்டுக் கல்விக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. அப்போதே பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு அளிக்கப்பட்டது. மற்ற பிரிவினரில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் முழு விலக்கு. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. காகிதத்தில் பார்த்தால் ஏழை மாணவருக்கு இவ்வளவு சாதகமான கட்டண முறை நாட்டில் அதிக இடங்களில் கிடையாது. விடுதி, மெஸ், இதர கட்டணங்கள் தனி.

ஆனால் இந்த விலக்கெல்லாம் சேர்ந்த பிறகுதான். சேர்வதற்கு முன்பு, இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கு அடையாளமாக ஒரு தொகையை ஜோசா எனப்படும் கூட்டு இட ஒதுக்கீட்டு அமைப்புக்கு இணையத்தில் கட்ட வேண்டும். இந்த மாணவர் கட்ட வேண்டியிருந்தது 17,500 ரூபாய். அதில் பெரும்பகுதி பின்னால் கல்லூரிக் கணக்கில் கழித்துக்கொள்ளப்படும் என்றாலும், அந்த நேரத்தில் கையில் இருந்தாக வேண்டும். அப்பாவின் கூலியில் கணக்குப் போட்டால், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் ஏறக்குறைய 39 நாள் உழைப்பு.

ஜூன் 20 முதல் ஜூன் 24 வரை

முதல் சுற்று ஒதுக்கீடு வெளியானது ஜூன் 20, வியாழக்கிழமை. பணம் கட்டி, ஆவணங்களை ஏற்றி முடிக்கக் கெடு ஜூன் 24, திங்கட்கிழமை மாலை 5 மணி. நான்கு நாள் அவகாசம் என்று சொல்லப்பட்டது. நாட்காட்டியைப் பார்த்தால் ஜூன் 22 நான்காம் சனிக்கிழமை, 23 ஞாயிறு. இரண்டு நாளும் வங்கிகள் விடுமுறை. வங்கிக்குப் போய் ஏதாவது செய்ய நினைக்கும் குடும்பத்துக்கு மிஞ்சியது வெள்ளிக்கிழமையும் கடைசி நாளும்தான். சம்பளக் கணக்கும் கடன் அட்டையும் உள்ள வீட்டில் இதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

குடும்பம் ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரை நம்பியிருந்தது. கடைசி நேரத்தில் அவர் கையை விரித்துவிட்டார். அதன் பிறகு தெரிந்தவர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். பணம் அண்ணனின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தபோது மாலை 4.45 மணி. மாணவர் போர்ட்டலில் ஆவணங்களை ஏற்றினார். பணம் கட்டும் படிக்குப் போவதற்குள் 5 மணி ஆகிவிட்டது. போர்ட்டல் மூடிக்கொண்டது.

வங்கியில் கல்விக்கடன் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கல்விக்கடனுக்கு முதலில் சேர்க்கை உறுதியாக வேண்டும்; அப்புறம் விண்ணப்பம், ஆவணச் சரிபார்ப்பு, ஒப்புதல். நான்கு நாளில், அதுவும் சேர்வதற்கு முன்பே கட்ட வேண்டிய தொகைக்கு அந்த வழி பயன்படாது. உதவித்தொகைகளும் அப்படித்தான். பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, ஐஐடி போன்ற நிறுவனங்களில் படிப்போருக்கான டாப் கிளாஸ் உதவித்தொகை, இரண்டுமே ஏற்கெனவே கல்லூரியில் சேர்ந்துவிட்டவருக்குத்தான். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களுக்குக் கந்துவட்டியைத் தவிர வேறு எந்த நிதி ஏற்பாடும் திறந்திருக்கவில்லை.

மூன்று மாத அலைச்சல்

முதலில் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்திடம் போனார்கள். அங்கே தீர்வு கிடைக்கவில்லை. பிறகு ஜார்க்கண்ட் மாநில சட்டப் பணிகள் ஆணையம். தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகும்படி அங்கே ஆலோசனை கிடைத்தது. மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளியின் மகன், ஜார்க்கண்டில் உள்ள கல்லூரியில் சேர்வதற்காக, சென்னையில் வழக்குப் போட வேண்டியதாயிற்று. அங்கிருந்து விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்தப் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வரிசையாக இத்தனை அமைப்புகளை அணுகியும், கெடு தாண்டிய ஒரு சேர்க்கையைப் பரிசீலித்து முடிவெடுக்கும் அதிகாரம் கடைசி அமைப்பைத் தவிர எதற்கும் இருக்கவில்லை, அல்லது இருப்பதாக அவை நினைக்கவில்லை. ஒதுக்கீட்டு அமைப்பிலேயே இதற்கென்று ஓர் அதிகாரி இருந்திருந்தால் ஜூன் 25 காலையிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட வாதங்கள்

செப்டம்பர் 24 அன்று மனு விசாரணைக்கு வந்தது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு. முடிந்த அளவு உதவுவோம் என்று அமர்வு சொன்னது. மூன்று மாதமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றும் கேட்டது. எங்கெல்லாம் அலைந்தார்கள் என்பதை மாணவர் தரப்பு எடுத்துச் சொன்னது. எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போனது.

செப்டம்பர் 30 விசாரணையில் ஒதுக்கீட்டு அமைப்பின் தரப்பு மனுவை எதிர்த்தது. மாணவர் அன்று மதியம் 3 மணிக்கே போர்ட்டலுக்குள் நுழைந்திருக்கிறார், எனவே கடைசி நிமிடத்தில் வந்தார் என்பது சரியல்ல என்றார்கள். குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டன என்றார்கள்.

அந்தத் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒதுக்கீடு பல சுற்றுகளாக நடக்கிறது. ஒருவர் ஏற்காத இடம் அடுத்த சுற்றில் இன்னொருவருக்குப் போகிறது. கெடு இல்லாமல் இதை நடத்த முடியாது. முன்பணம் வாங்குவதற்கும் காரணம் உண்டு. சேரும் எண்ணமே இல்லாதவர்கள் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் விட்டுப் போனால் அந்த இருக்கை காலியாகவே கிடக்கும். அதைத் தடுக்கத்தான் இந்தத் தொகை.

ஆனால் அந்தத் தொகை எதை அளக்கிறது? மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது பிள்ளைக்கு அங்கே சேரும் எண்ணம் இருக்கிறதா என்பதை அளக்கிறது. 450 ரூபாய் கூலி வீட்டில் அது அப்பாவுக்கு யார் கடன் கொடுப்பார் என்பதை அளக்கிறது. நினைவூட்டல் எத்தனை வந்தாலும் அதோடு பணம் வராது. 3 மணிக்குப் போர்ட்டலுக்குள் நுழைந்தார் என்ற பதிவும், என் பார்வையில், மாணவருக்குச் சாதகமான சான்று. பணம் கைக்கு வருவதற்கு முன்பே தயாராக உட்கார்ந்திருந்தார் என்றுதான் அது காட்டுகிறது.

அமர்வின் பார்வையும் ஏறக்குறைய இதே திசையில் போனது. ஏன் இவ்வளவு எதிர்க்கிறீர்கள், ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கக் கூடாதா என்று நீதிபதி பார்திவாலா கேட்டார். 17,500 ரூபாய் கையில் இருந்திருந்தால் இந்த மாணவர் கட்டாமல் விட்டிருக்க எந்தக் காரணமும் இல்லை என்பது அமர்வின் முடிவு.

எடுத்த முடிவு, அதன் காரணம்

முழுமையான நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி அமர்வு உத்தரவிட்டது. மாணவரை தன்பாத் ஐஐடி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதமே பணம் கட்டியிருந்தால் எந்த வகுப்பில் இருந்திருப்பாரோ அதே வகுப்பில் சேர்க்க வேண்டும். இதனால் ஏற்கெனவே சேர்ந்த யாருடைய இடமும் பாதிக்கக் கூடாது. தேவைப்பட்டால் எண்ணிக்கைக்கு மேல் ஓர் இடம் உருவாக்க வேண்டும். விடுதி உட்பட சேர்க்கையோடு வரும் எல்லாமே அவருக்குக் கிடைக்க வேண்டும். 17,500 ரூபாயை அவர் நேரில் செலுத்தலாம்.

விளிம்புநிலையிலிருந்து வரும் திறமையான ஒரு மாணவரைக் கைவிடக் கூடாது என்பதே உத்தரவுக்குச் சொல்லப்பட்ட காரணம். கூடுதல் இடம் என்ற ஏற்பாட்டை இங்கே கவனிக்க வேண்டும். கெடுவைத் தளர்த்தினால் இன்னொருவருக்கு அநீதி ஆகும் என்பதுதான் இதுபோன்ற கோரிக்கைகளுக்கு வழக்கமாக வரும் மறுப்பு. ஓர் இருக்கையைக் கூட்டிப் போட்டதில் அந்த மறுப்பு விழுந்துவிட்டது. யாரும் எதையும் இழக்கவில்லை.

பிறகு நடந்தது

ஜூன் 24 மாலைக்கும் செப்டம்பர் 30-க்கும் இடையே 98 நாள். அதற்குள் வகுப்புகள் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தன. உத்தரவுக்குப் பிறகு அவர் தன்பாத்தில் சேர்ந்தார். அவருடைய படிப்புச் செலவை உதவித்தொகை வழியே ஏற்பதாக உத்தரப் பிரதேச அரசு அறிவித்தது. விஷயம் நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டதால் பல பக்கங்களிலிருந்தும் ஆதரவு வந்தது.

எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. 142-வது பிரிவின் கீழ் வரும் உத்தரவு அந்த ஒரு வழக்கின் சூழலுக்கானது. அடுத்த ஆண்டு அதே 5 மணிக்கு வெளியே நிற்கும் இன்னொரு மாணவருக்கு அது தானாகப் பொருந்தாது. இந்தக் கதவு முன்பும் இதேபோல மூடியிருக்கிறது. 2021 நவம்பர் 22 அன்று, மும்பை ஐஐடி-யில் இடம் கிடைத்த ஒரு பட்டியலின மாணவருக்கு இதே உச்ச நீதிமன்றம், இதே 142-வது பிரிவில், சந்திரசூட் இடம்பெற்ற அமர்விலேயே இடம் வழங்கியது. அவர் கட்ட முயன்றபோது அட்டைப் பரிவர்த்தனை தோல்வியடைந்து கெடு தாண்டிப்போயிருந்தது. மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே சிக்கலுக்கு நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் இரண்டு முறை தனி உத்தரவு போட வேண்டிவந்தது என்றால், பிழை அந்த இரண்டு மாணவர்களிடம் இல்லை.

தமிழ்நாடு 2020-ல் கண்டதும் செய்ததும்

முன்பணச் சிக்கலை நிர்வாகத்தாலேயே தீர்க்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. முதல் ஆண்டில் 313 எம்பிபிஎஸ் இடங்கள், 92 பிடிஎஸ் இடங்கள். கவுன்சலிங் நவம்பர் 18 அன்று தொடங்கியது. அரசுக் கல்லூரி இடங்கள் முடிந்து தனியார் கல்லூரி இடங்கள் வந்ததும், அங்கே ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வரும் கட்டணத்தைப் பார்த்து, கைக்கு வந்த இடத்தை வேண்டாம் என்று விட்டுப் போனார்கள் சில மாணவர்கள். நீட் தேர்வை வென்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அவர்கள்.

அடுத்த சில நாட்களிலேயே அரசு அந்தக் கட்டணத்தைத் தானே ஏற்பதாக அறிவித்தது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வரும்வரை காத்திருக்காமல், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு சுழல்நிதி வைத்து, அதிலிருந்து கல்லூரிக்கு நேரடியாகப் பணம் போகும் என்பது ஏற்பாடு. அறிவிப்புக்கு முன்பே இடத்தை விட்டவர்கள் இருந்தார்கள் என்பது அதன் வருத்தமான பக்கம். ஆனாலும் தீர்வு சரியானது. பணம் அரசிடமிருந்து கல்லூரிக்குப் போகிறது. தாமதம் ஏற்பட்டால் அதைச் சுமப்பது சுழல்நிதி, மாணவர் அல்ல.

2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 7.5 சதவீதம் வந்தபோது, கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணமும் கவுன்சலிங் கட்டணமும்கூட அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. கவுன்சலிங் கட்டணத்தையும் சேர்த்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நுழைவாசல் செலவையும் யாரோ யோசித்திருக்கிறார்கள். இதில் ஒரு குறையும் உண்டு: அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த அதே அளவு ஏழைப் பிள்ளைகள் இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். புதுமைப்பெண் திட்டம் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் விரிந்ததுபோல இதுவும் விரிய வேண்டும்.

என்ன மாற வேண்டும்

பட்டியலினத்தவருக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே ஒன்றியத்தின் பங்கு மாணவர் கணக்குக்கு வருகிறது. இந்த வரிசையில் எங்கே தாமதம் ஆனாலும் கல்லூரி அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் மாணவர்தான். இதற்காகவே திட்ட விதிமுறைகளில் ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று இருக்கிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள மாணவர் அதைக் காட்டி, முன்பணம் கட்டாமலேயே சேரலாம் என்பது அதன் நோக்கம். இதை ஜோசா போர்ட்டலிலும் மாநில கவுன்சலிங் போர்ட்டல்களிலும் பணத்துக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் முதல் மாற்றம். புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் எப்படியும் அங்கே ஏற்றப்படுகின்றன. கல்விக் கட்டண விலக்குக்குத் தகுதி உள்ளவர் என்று ஒரு கணினிக்குத் தெரிந்த பிறகு, அதே கணினி அவரிடம் 17,500 கேட்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இடத்தைப் பிடித்து வைத்து விட்டுப் போவதைத் தடுக்க வேண்டும் என்றால் அதற்குப் பணம்தான் வழி என்றில்லை. ஏற்றுக்கொண்டுவிட்டுச் சேராதவர் அடுத்த சுற்றில் கலந்துகொள்ள முடியாது என்ற விதியே போதும். அந்தத் தண்டனை ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே எடையில் விழும்.

கெடு விஷயத்தில், இடத்தை வேண்டாம் என்று விட்டவரையும் ஆவணங்களை ஏற்றிவிட்டுப் பணம் கட்டும் படியில் நின்றுபோனவரையும் ஒன்றாக வைக்கக் கூடாது. இரண்டாமவருக்கு இரண்டு வேலைநாள் கூடுதல் அவகாசம் தரலாம். வங்கி விடுமுறை நாட்களைக் கெடுவில் சேர்க்கக் கூடாது. முறையீட்டைக் கேட்டு மறுநாளே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் ஒதுக்கீட்டு அமைப்பிலேயே இருக்க வேண்டும்.

பெரிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஏ பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே எல்லாமே திட்டங்கள், அரசாணைகள், சலுகைகள். இந்தியா 1979-ல் ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 13-வது பிரிவு உயர்கல்வியையும் படிப்படியாக இலவசமாக்கச் சொல்கிறது. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் உள்ளவர்களை வைத்துக் கணக்கிடும் மொத்த சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு. கட்டணமில்லாத அரசுக் கலைக் கல்லூரிகளும் உதவித்தொகைகளும் விடுதிகளும் பஸ் பாஸும் அதில் பெரும்பங்கு என்றே நான் கருதுகிறேன். இலவசம் கொடுத்தால் தரம் போய்விடும் என்பவர்களுக்கு ஐஐடி-களே பதில்: அங்கே எத்தனையோ மாணவர்கள் கல்விக் கட்டணம் இல்லாமல்தான் படிக்கிறார்கள்.

இப்போதைக்கு, கவுன்சலிங்கை எதிர்நோக்கும் குடும்பங்களுக்கு

விதிகள் மாறும்வரை சில விஷயங்களை முன்கூட்டியே செய்து வைக்கலாம். தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் வருமானம், சாதி, முதல் பட்டதாரி சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் வாங்கிவிடுங்கள். எந்தக் கணக்கிலிருந்து பணம் கட்டப்போகிறீர்களோ அதில் ஒரு சிறு தொகையை முன்பே அனுப்பிச் சரிபாருங்கள். புதிதாகத் தொடங்கிய யுபிஐ-யில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. பணம் தயாராகாவிட்டாலும் ஆவணங்களை ஏற்றி முடித்துவிடுங்கள். ஒவ்வொரு படியையும் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

கெடு தாண்டிவிட்டால் அன்றைக்கே ஒதுக்கீட்டு அமைப்புக்கும் கல்லூரிக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. தொலைபேசியில் கேட்க 15100.